பழைய சிடி, ஏழாவது பாட்டில் தாவுகிறது – ஆஃப் மாண்ட்ரியலின் ஹிஸ்ஸிங் ஃபானா (உதவி தேவை)

#1 ஈசூன்வாசி

எல்லாருக்கும் வணக்கம். போன சனிக்கிழமை ஒருவர் வீடு மாறுவதால் தன் சிடிகளை எல்லாம் விற்றுக்கொண்டிருந்தார், அதில் ஆஃப் மாண்ட்ரியல் இசைக்குழுவின் ‘ஹிஸ்ஸிங் ஃபானா, ஆர் யூ த டிஸ்ட்ராயர்?’ இருந்தது. 2007இல் பாலிவைனல் நிறுவனம் வெளியிட்ட ஆல்பம். 9 சிங்கப்பூர் வெள்ளி. எம்ஆர்டி ரயில் நிலைய கேட் பக்கத்தில் நின்று வாங்கினேன், அவர் “ரெண்டு மூணு தடவைதான் போட்டிருப்பேன்” என்றார், நானும் வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து போட்டால் ஆறு பாட்டு அருமையாக ஓடுகிறது. ஏழாவதில், அந்த 12 நிமிடப் பாட்டு இருக்கிறதே, அதில் எட்டாவது நிமிடத்துக்குப் பக்கத்தில் டக் டக் என்று தாவ ஆரம்பிக்கிறது. அப்புறம் ஒன்பதாவது நிமிடத்திலிருந்து சரியாகிவிடுகிறது. மற்ற எந்தப் பாட்டிலும் ஒன்றுமில்லை.

மற்ற பாட்டில் தாவியிருந்தால் பொறுத்துக்கொள்வேன். இந்த ஆல்பத்தில் அந்தப் பாட்டுதான் முதுகெலும்பு, அதில் அந்த இடம்தான் உச்சம். என்ன செய்யலாம் சொல்லுங்கள். பாலிஷ் போடலாமா, இல்லை திருப்பிக் கொடுக்கக் கேட்கவா?

#2 பழையதட்டு

தம்பி, பாலிஷ் எல்லாம் கடைசி. முதலில் கீறல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடி. சிடி உள்ளிருந்து வெளியே படிக்கும், இசைத்தட்டுக்கு நேர் எதிர். உன் பிளேயரில் மொத்த நேரம் காட்டும் பொத்தான் இருந்தால் தாவுகிற இடத்தில் அதை அழுத்திப் பார். முதல் ஆறு பாட்டும் சேர்ந்து சுமார் 18 நிமிடம் வரும், அதோடு எட்டைக் கூட்டினால் 26. தட்டில் தடம் மையத்திலிருந்து 2.5 செ.மீ. தூரத்தில் ஆரம்பித்து 74 நிமிடத்துக்கு 5.8 செ.மீ. வரை போகிறது. வெளியே போகப் போகச் சுற்று பெரிதாகும், அதனால் நேரத்தை அப்படியே தூரமாகப் பிரிக்க முடியாது. கணக்குப் போட்டால் 26ஆம் நிமிடம் மையத்திலிருந்து ஏறக்குறைய 4 செ.மீ. தள்ளி விழும். ஸ்கேலை வைத்து அந்த வட்டத்தை மட்டும் பார்.

ரொம்ப முக்கியம்: ரெண்டு பக்கமும் பார். எல்லாரும் பளபளக்கிற பக்கத்தைத்தான் பயந்து பயந்து காப்பாற்றுவார்கள். ஆனால் அந்தப் பக்கம் 1.2 மி.மீ. கனத்துக்குப் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக் இருக்கிறது. பாட்டு இருக்கும் அலுமினியப் படலமோ எழுத்து அச்சடித்த பக்கத்துக்குக் கீழே, ஒரு மெல்லிய அரக்குப் பூச்சுக்கு அடியில்தான் இருக்கிறது. பேனாவால் எழுதினாலோ ஸ்டிக்கரை உரித்தாலோ படலமே பெயர்ந்து வரும். தட்டை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடி, ஊசி முனை அளவு ஒளி தெரிந்தால் அந்த இடத்தில் பாட்டே இல்லை, எந்தப் பாலிஷும் அதைத் திரும்பக் கொண்டுவராது.

#3 கோப்பிஓ

தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள், நிஜமாகவே கேட்கிறேன். இந்த ஆல்பம் ஸ்ட்ரீமிங்கில் முழுசாக இருக்கிறது. நான் இப்போதுதான் தேடிப் பார்த்தேன். 9 வெள்ளி கொடுத்து, கீறலை அளந்து, இவ்வளவு பாடு எதற்கு? அதிலும் அந்த ஏழாவது பாட்டை ரெண்டு நிமிடம் கேட்டேன், ஒரே கோர்வை சுற்றிச் சுற்றி வருகிறது, பல்லவி சரணம் என்று ஒன்றும் கிடையாது. முதல் பாட்டும் நாலாவதும் நன்றாக இருந்தன, அதை மட்டும் பிளேலிஸ்டில் போட்டுக்கொண்டேன்.

#4 மல்லிகை_புக்கிட்பாத்தோக்

கோப்பிஓ, உங்கள் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், ஏனென்றால் இந்த ஆல்பம் எனக்கு நெருக்கமானது.

இது பாட்டுத் தொகுப்பு இல்லை, ஒரு கதை. கெவின் பார்ன்ஸ் அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸ் என்ற ஊரில் இந்தக் குழுவைத் தொடங்கிய பாடகர். ஆரம்பத்தில் 60களின் பாப் இசையை ஒட்டி, கற்பனைப் பாத்திரங்களை வைத்துப் பாட்டெழுதிக்கொண்டிருந்த குழு இது. 2004, 2005இல் வந்த ஆல்பங்களில் பெரும்பாலான கருவிகளை அவரே வாசித்துப் பதிவு செய்ய ஆரம்பித்தார், சின்தசைசரும் நடனத் தாளமும் நுழைந்தன. அப்புறம்தான் இது. மனைவி நார்வேக்காரர், கைக்குழந்தை, இவருக்குக் கடுமையான மனச்சோர்வு, மணவாழ்க்கை உடைந்து பிரிவு. இவ்வளவும் அந்த ஆல்பத்தில் இருக்கிறது, ஒளிக்காமல் இருக்கிறது. நாலாவது பாட்டின் தலைப்பில் வரும் ஹைம்டால்ஸ்காட்டா ஆஸ்லோவில் ஒரு தெருவின் பெயர். ஐந்தாவது பாட்டின் பெயரும் ஆஸ்லோவின் குரோன்லாந்த் பேட்டையிலிருந்து வருகிறது, ஆறாவதில் வரும் கோங்ஸ்விங்கர் நார்வேயில் ஒரு சிற்றூர். ஆக முதல் பாதி ஒரு மனிதன் அந்நிய ஊரில், குளிரில், தன் மூளைக்குள்ளேயே அடைபட்டுக் கிடப்பது. நீங்கள் ரசித்த அந்த நாலாவது பாட்டு, துள்ளித் துள்ளி ஓடுகிறதே, அதில் அவர் தன் மூளையின் ரசாயனங்களிடம் கெஞ்சுகிறார், என்னை இந்த நிலையிலிருந்து மாற்றிவிடு என்று.

இப்போது ஏழாவது பாட்டுக்கு வாருங்கள். ஒரே கோர்வை சுற்றிச் சுற்றி வருகிறது என்றீர்களே, மனச்சோர்வில் எண்ணம் அப்படித்தான் வரும். பல்லவி இல்லை, இறங்கி மூச்சு வாங்க இடமில்லை. அந்தப் பன்னிரண்டு நிமிடம் முடியும்போது பாடுகிறவர் பழைய ஆள் இல்லை. ஜார்ஜி ஃப்ரூட் என்ற வேறொரு பாத்திரமாக மாறிவிடுகிறார், எட்டாவது பாட்டிலிருந்து கடைசி வரை பாடுவது அந்த ஜார்ஜிதான். நம் சித்தர் கதைகளில் கூடு விட்டுக் கூடு பாய்வது என்று சொல்வோமே, அதேதான். பழைய உடம்பில் இருக்க முடியாமல் வேறு உடம்புக்குள் போய் ஒளிந்துகொள்கிறார். கூடு பாயும் அந்த நொடிகளைத்தான் ஈசூன்வாசியின் சிடி தாவிவிட்டுப் போகிறது. அவர் வருத்தப்படுவது நியாயம்.

பிளேலிஸ்டில் ரெண்டு பாட்டை மட்டும் எடுத்து வைத்தால் பாட்டு கிடைக்கும், கதை கிடைக்காது. அந்தாதியில் நடுவிலிருந்து நாலு பாட்டைப் பிடுங்கினால் பொருள் புரியும், தொடுப்பு போய்விடும், அது மாதிரி.

#5 ஈசூன்வாசி

அக்கா, நான் சொல்ல நினைத்து வார்த்தை கிடைக்காமல் இருந்ததை நீங்கள் சொல்லிவிட்டீர்கள். கூடு பாய்தல்! இனிமேல் வேறு மாதிரி கேட்கவே முடியாது.

பழையதட்டு அண்ணே, அளந்து பார்த்தேன். மொத்த நேரம் 26 நிமிடம் சில்லறை. 4 செ.மீ. தூரத்தில் பளபளக்கும் பக்கத்தில் ஒரு கீறல், சாதாரணமாகப் பார்த்தால் தெரியாது, கைபேசி டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிகிறது. வளைந்து, தட்டின் வட்டத்தோடேயே போகிறது, ஒரு அரிசி நீளம் இருக்கும். அதைச் சுற்றி ஏதோ மங்கலாகப் பிசுக்கு மாதிரியும் இருக்கிறது. எழுத்துப் பக்கம் சுத்தமாக இருக்கிறது, விளக்கில் பிடித்தால் ஒளிப்பொட்டு எதுவும் இல்லை.

#6 பழையதட்டு

அப்போது நல்ல செய்திதான். படலம் தப்பித்துவிட்டது.

கீறல் வட்டத்தோடு போவதுதான் பிரச்சினை. மையத்திலிருந்து விளிம்புக்கு நேராகப் போகும் கீறல் பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் நொடியில் மிகச் சிறு பகுதிக்குள் கடந்துவிடும். சிடியில் ரீட்–சாலமன் என்ற பிழைதிருத்தக் கணக்கு இருக்கிறது, பாட்டின் தரவைக் கலைத்துப் பரப்பி எழுதியிருப்பார்கள், அதனால் தடத்தில் சுமார் 2.5 மி.மீ. நீளம் தொடர்ந்து படிக்க முடியாமல் போனாலும் முழுசாக மீட்டுக்கொள்ளும். உன் கீறல் தடத்தோடு சேர்ந்து ஓர் அரிசி நீளம் போகிறது, அதான் தாண்ட முடியாமல் தடுக்குகிறது.

செய்ய வேண்டியது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு, விரல் நுனியால் மெதுவாக, நன்றாக அலசு, மென்மையான துணியால் ஒற்றி எடு. துடைத்தால் மையத்திலிருந்து வெளியே நேராகத் துடை, ஒருபோதும் வட்டமாகத் துடைக்காதே. முக்கால்வாசி ஆட்கள் கண்ணாடி துடைப்பதுபோல வட்டமாகத் துடைத்துத்தான் இந்த மாதிரிக் கீறலையே உண்டாக்குகிறார்கள், அந்த விற்றவரும் அப்படித்தான் செய்திருப்பார் என்று நினைக்கிறேன், வேண்டுமென்று இருக்காது. கழுவிய பிறகும் தாவினால் மட்டும் பிளாஸ்டிக்குக்கான பாலிஷ், அதுவும் அந்த இடத்தில் மட்டும், அதே நேர்க்கோட்டில். பற்பசை போடு என்று யாராவது சொன்னால் கேட்காதே, ஒவ்வொரு பற்பசைக்கும் நறநறப்பு வேறு, ஒரு கீறலைப் போக்கி நூறு கீறல் போடும்.

பிளேயரில் தாவினாலும் கணினியில் படிக்க வாய்ப்பு உண்டு. எக்ஸாக்ட் ஆடியோ காப்பி மாதிரியான மென்பொருள் சந்தேகமான இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்து ஒப்பிடும். பிளேயருக்கு அந்தப் பொறுமை கிடையாது, அது நேரத்துக்கு வாசித்தே ஆக வேண்டும்.

#7 மழைச்சத்தம்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், அந்தப் “பிசுக்கு” என்ற வார்த்தையைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. தம்பி, அதை நன்றாகப் பாருங்கள், பூஞ்சையாக இருக்கலாம். நம் சிங்கப்பூரில் ஈரப்பதம் வருடம் முழுக்கச் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். 2001இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள், பெலீஸ் நாட்டிலிருந்து வந்த ஒரு சிடியில் ஜியோட்ரிகம் வகைப் பூஞ்சை பாலிகார்பனேட்டையும் அலுமினியத்தையும் தின்றிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். அது அபூர்வம், பயப்பட வேண்டாம். ஆனால் உறையின் காகிதத்தில் பழுப்புப் புள்ளி விழுவதும், வழவழப்பான கையேடு பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொள்வதும் இங்கே எல்லா வீட்டிலும் நடக்கிறது. என் அப்பா வைத்திருந்த சிடிகளில் முக்கால்வாசிக் கையேடுகள் அப்படி ஒட்டிப் போய்விட்டன, பிரித்தால் எழுத்து பெயர்ந்து வருகிறது. கேமராவுக்கு வாங்கிய டிரை கேபினெட்டில் (ஈரம் அண்டாத அலமாரி) ஒரு தட்டை ஒதுக்கி இப்போது சிடிகளை அங்கே வைக்கிறேன்.

சரி, இன்னொன்று. இதெல்லாம் ஒரு காலத்தில் கடையில் நின்று தேடி வாங்கியதுதானே. எச்எம்வி இசைக்கடை 2015இல் மூடியது, சுங்கை ரோடு பழைய சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதி கடைசி நாள், அன்று நான் போயிருந்தேன், தரையில் விரித்த பாயில் தமிழ்ப்பட சிடிகளோடு ஆங்கிலச் சிடிகளும் கலந்து கிடந்தன. இப்போது அடெல்ஃபி கட்டடத்தில் சில கடைகள், பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ் பக்கம் கொஞ்சம், மற்றபடி கைபேசிதான். 9 வெள்ளிக்கு இந்த ஆல்பம் கிடைத்தது அதிர்ஷ்டம், திருப்பிக் கொடுக்காதீர்கள்.

#8 தேக்காவாசகன்

மல்லிகை எழுதியதைப் படித்துவிட்டு நேற்று இரவு முழு ஆல்பத்தையும் கேட்டேன். இசை பிரமாதம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒரு விஷயம் உறுத்துகிறது, அதையும் இங்கே பேச வேண்டும்.

ஜார்ஜி ஃப்ரூட் யார்? பார்ன்ஸே விவரித்திருக்கிறார்: நாற்பதுகளில் இருக்கும் கறுப்பினத்தவர், பலமுறை பாலின மாற்றம் செய்துகொண்டவர், 70களில் ஃபங்க் என்ற நடன இசைக் குழுவில் பாடியவர். ஒரு வெள்ளைக்காரர் தன் துக்கத்திலிருந்து தப்பிக்க ஒரு கறுப்பினத்தவரின் உடம்பை எடுத்துப் போட்டுக்கொள்கிறார். அந்த உடம்பில் என்ன நடக்கிறது? கொண்டாட்டம், காமம், குலுக்கல். ஏன் அந்தப் பாத்திரத்துக்கு வலி இல்லை? ஏன் விடுதலை என்றால் உடனே கறுப்பு உடம்பு?

2019இல் இங்கே ஒரு விளம்பரத்தில் ஒரே சீன நடிகருக்கு நாலு வேடம் போட்டு, அதில் ஒன்றுக்கு இந்தியராகக் காட்டத் தோலைக் கருமையாக்கியது நினைவிருக்கும். எத்தனை பேர் “இது வேடம்தானே, ஏன் பெரிதாக்குகிறீர்கள்” என்றார்கள். நமக்கு வலித்தது. நமக்கு வலித்தபோது எதைக் கேட்டோமோ அதையே இங்கேயும் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

#9 மல்லிகை_புக்கிட்பாத்தோக்

தேக்காவாசகன், நீங்கள் இதை எழுதியதற்கு நன்றி. நான் முதல் பதிவில் ஜார்ஜி யார் என்று சொல்லாமல் தாண்டிப் போனேன், அது தவறு. அந்த விவரத்தை மறைத்துவிட்டுக் கூடு பாய்தல் என்று அழகாக மட்டும் சொல்லக் கூடாது.

நான் இதைப் பல வருடமாக மனதில் வைத்திருக்கிறேன். எனக்குத் தோன்றுவது இது: எட்டாவது பாட்டிலிருந்து பன்னிரண்டு வரை ஜார்ஜி பாடினாலும் அந்த வேடம் முழுசாகப் பொருந்தவில்லை. மினுமினுப்புக்கு அடியில் பழைய ஆள் அடிக்கடி எட்டிப் பார்க்கிறார், கடைசிப் பாட்டுக்கு வரும்போது கொண்டாட்டம் களைத்துப் போய்விடுகிறது. தப்பித்தல் தோற்றுப் போவதும் இந்தக் கதையில் ஒரு பகுதி என்றுதான் நான் கேட்கிறேன். பாலினம் விஷயத்தில் பார்ன்ஸுக்கு அது வெறும் வேடமில்லை, பிற்பாடு தன்னை ஆண் பெண் என்ற இரண்டுக்குள் அடங்காதவராகவே சொல்லிக்கொண்டார். அந்தப் பகுதியில் உண்மை இருக்கிறது.

ஆனால் இனம் பற்றி நீங்கள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அது கடன் வாங்கிய உடம்புதான். விளம்பரத்தையும் இதையும் ஒன்றாக வைக்க மாட்டேன், அங்கே ஒரு பொருளை விற்க வேடம் போட்டார்கள், இங்கே ஒருவர் உடைந்துபோய் வேடம் போடுகிறார். இருந்தாலும் அந்த வேடத்துக்குச் சொந்தக்காரர்களிடம் யாரும் கேட்கவில்லை என்பது ரெண்டுக்கும் பொது. நான் இந்த ஆல்பத்தை நேசிக்கிறேன், இந்தக் குறையோடு சேர்த்துத்தான்.

#10 தேக்காவாசகன்

ஏற்கிறேன். வேடம் பொருந்தவில்லை என்று நீங்கள் சொன்ன கோணத்தில் பின்பாதியை மறுபடி கேட்கிறேன். என் கேள்வி அப்படியே நிற்கிறது, ஆனால் ஆல்பத்தைத் தள்ளிவைக்கப் போவதில்லை.

#11 அங்மோகியோ_இரவு

பல மாதமாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்றைக்குத்தான் முதல் பதிவு.

2020 ஏப்ரல், சர்க்கிட் பிரேக்கர் என்ற கொவிட் முடக்கம் ஆரம்பித்த முதல் வாரம். மூவறை வீட்டில் ஐந்து பேர், எனக்கு அதற்கு முந்தைய வருடமே மருந்து ஆரம்பித்திருந்தார்கள், வீட்டில் யாருக்கும் தெரியாது. அம்மா “எதுக்கு எப்பப் பாத்தாலும் படுத்தே கெடக்கே” என்று கேட்பார், என்னிடம் சொல்லத் தமிழில் வார்த்தை இல்லை, ‘மனச்சோர்வு’ என்றால் கொஞ்சம் சோர்வு என்று நினைத்துக்கொள்வார். அந்த நேரத்தில் ஒரு தோழி அனுப்பியது இந்த ஆல்பம். நாலாவது பாட்டைக் கேட்டுவிட்டு ஹெட்ஃபோனோடு சமையலறையில் ஆடிக்கொண்டே அழுதேன். என் மூளைக்குள் இருக்கிற ரசாயனத்திடம் ஒருத்தர் வாய்விட்டுக் கெஞ்சுகிறார், அதுவும் ஆடுகிற தாளத்தில். மருந்து சாப்பிடுவது வெட்கப்பட வேண்டிய விஷயமில்லை என்று எனக்கு முதலில் உறைத்தது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு ரெண்டு வாரத்தில் அம்மாவிடம் சொன்னேன்.

ஏழாவது பாட்டை நான் தினமும் கேட்பதில்லை. அது தேவைப்படும் நாள் வரும்போது பன்னிரண்டு நிமிடமும் வேண்டும், நடுவில் ஒரு நொடி குறையக் கூடாது. அதனால்தான் ஈசூன்வாசியின் பதிவைப் பார்த்து எழுதுகிறேன். அந்தக் கீறலைச் சரிசெய்யுங்கள்.

#12 கோப்பிஓ

நான் #3இல் எழுதியதைத் திரும்பப் படித்தேன். அவசரப்பட்டுப் பேசிவிட்டேன். நேற்று வேலை முடிந்து உட்லண்ட்ஸ் வரைக்கும் போகும் பேருந்தில் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை வரிசையாகக் கேட்டேன், சுமார் 50 நிமிடம், கடைசி நிறுத்தம் வரை பயணமும் அவ்வளவுதான்.

அங்மோகியோ_இரவு எழுதியது இன்னும் மனதில் இருக்கிறது. எனக்கு ஞாபகம் வந்தது தஞ்சாவூர்ப் பக்கம் என் தாத்தா இறந்தபோது பார்த்தது. பறை அடி காதைப் பிளக்கிறது, வாசலில் ஆட்கள் வெறி பிடித்தமாதிரி ஆடுகிறார்கள், உள்ளே பாட்டிகள் ஒப்பாரி. எனக்குப் பத்து வயது, இங்கிருந்து போனவன், செத்த வீட்டில் ஏன் ஆடுகிறார்கள் என்று மாமாவிடம் கேட்டேன். “ஆடாம எப்படிடா தாங்குறது” என்றார். இந்த ஆல்பம் முழுக்க எனக்கு அந்த வாசல் மாதிரிதான் கேட்டது, தாளம் ஒரு பக்கம், ஒப்பாரி ஒரு பக்கம். ஏழாவது பாட்டு வந்தபோது இறங்க வேண்டிய நிறுத்தம் வந்துவிட்டது, இறங்காமல் கடைசி நிறுத்தம் வரை போனேன்.

#13 ஈசூன்வாசி

நிலவரம் சொல்கிறேன். பிசுக்கு பூஞ்சை இல்லை, சோப்புத் தண்ணீரில் போய்விட்டது, யாரோ ஸ்டிக்கர் பசையோடு விரலை வைத்திருக்கிறார்கள். கழுவிய பிறகு தாவுவது பாதியாகக் குறைந்தது. பிளாஸ்டிக் பாலிஷ் வாங்கி, அண்ணன் சொன்னபடி மையத்திலிருந்து வெளியே நேராக, பத்துப் பத்துத் தடவையாகப் போட்டேன். மூன்றாவது சுற்றில் பிளேயரில் ஒரே ஒரு ‘டிக்’ மட்டும் மிச்சம். கணினியில் போட்டால் அந்தப் பாட்டை மட்டும் படிக்க முக்கால் மணிநேரம் எடுத்துக்கொண்டது, கடைசியில் பிழை ஒன்றும் இல்லை என்று காட்டியது.

விற்றவரிடமும் பேசினேன். அவருக்குத் தெரியவே தெரியாது, “நான் அந்தப் பாட்டு வந்தா மாத்திடுவேன், தாங்க முடியாது” என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, அந்தக் குழு 2008இல் வெளியிட்ட அடுத்த ஆல்பமும் தன்னிடம் இருக்கிறது, ஜார்ஜி அதிலும் வருகிறார், வேண்டுமா என்று கேட்டார். வரும் ஞாயிற்றுக்கிழமை அதே எம்ஆர்டி கேட். இந்தத் தடவை டார்ச்சும் ஸ்கேலும் கொண்டு போகிறேன்.

நேற்று ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுத் தரையில் படுத்து ஒன்றிலிருந்து கேட்டேன். எட்டாவது நிமிடம் வந்தது, அந்த ‘டிக்’ வந்தது, பாட்டு நிற்காமல் மேலே போனது.

#14 பழையதட்டு

அந்த ‘டிக்’ இருக்கட்டும் தம்பி, இதற்கு மேல் தேய்க்காதே. ஞாயிற்றுக்கிழமை வாங்கியதும் எழுத்துப் பக்கத்தை முதலில் விளக்கில் பிடித்துப் பார், அப்புறம் பணம் கொடு.